பெயர் தெரியாத கொடி: வெட்டுவதா, விசாரிப்பதா, பூக்கும்வரை பொறுப்பதா?

கோடையில் பார்த்து வாங்கிய வளவு மாரியில் வேறு வளவாகிவிடும். திருகோணமலைப் பக்கம் காணி வாங்கியவர்களுக்கு இது தெரியும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கிற நாளில் போய்ப் பார்த்தால் மணல், நாலு வடலி, ஒரு வேம்பு, காய்ந்த வேலி, அவ்வளவுதான். ஐப்பசியில் மழை தொடங்கியதும் மண்ணுக்குள் கிடந்ததெல்லாம் எழும்பும். கார்த்திகை முடிவதற்குள் வேலி எது, பற்றை எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. நாங்கள் சாம்பல்தீவுப் பக்கம் வாங்கிய காணியும் அப்படித்தான். வேம்பின் பாதி உயரத்துக்கு, இதய வடிவ இலையோடு ஒரு கொடி ஏறி நிற்கிறது. கிளுவை வேலியில் இன்னும் சில கொடிகள். முந்திய உரிமையாளர் நெடுங்காலமாக வெளிநாட்டில் இருந்தவர். எதை அவர்கள் நட்டார்கள், எது தானாக முளைத்தது என்று கேட்க ஆளில்லை.

இப்படி ஒரு கொடியைப் பார்த்து நின்றால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வெட்டி எறி என்பார் ஒருவர். போனில் படம் எடுத்தால் பெயர் வந்துவிடும் என்பார் இன்னொருவர். பக்கத்து வளவு ஆச்சியைக் கேள், விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடு, வைத்தியரிடம் காட்டு, பூக்கட்டும் பார்க்கலாம் என்று வரிசையாக வரும். எல்லாமே நல்ல யோசனைதான். ஆனால் இதில் எது சரி என்பது, அந்தப் பெயர் நமக்கு எதற்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது. கொடி மரத்தில் இருக்கலாமா, இறக்க வேண்டுமா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் ஓரளவு சரியான பெயரே போதும். சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற வளவு என்றால் நஞ்சுள்ளவற்றைத் தனியாக அறிந்திருக்க வேண்டும். வறைக்கோ கஞ்சிக்கோ மருந்துக்கோ போகப்போகிறதென்றால் முழுப் பெயரும் ஐயமில்லாமல் தெரிய வேண்டும். ஒவ்வொரு வழியும் இதில் எதுவரை நம்மைக் கொண்டுபோகும் என்பதைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

உடனே வெட்டுவதை முதலில் எடுப்போம். பெக்கோ இயந்திரத்தை விட்டு ஒரே நாளில் காணியை வெளியாக்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. அதற்கு நியாயமும் உண்டு. நாள்பட்ட பற்றைக்குள் புடையன் கிடக்கலாம். கூரையில் ஏறிய கொடி ஓட்டைக் கிளப்பும், கிணற்றுக்குள் இலை உதிர்க்கும். ஆனால் பெயர் தெரியாமல் வெட்டினால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிழங்குக் கொடியை மேலே வெட்டினால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும். மண்வெட்டியால் கொத்தினால் உடைந்த துண்டிலிருந்தும் சில கொடிகள் முளைக்கும். காய் முற்றிய குன்றிமணிக் கொடியை இழுத்து விழுத்தினால் விதை வளவெல்லாம் தெறிக்கும். பூனைக்காலி என்று தெரியாமல் காய்ந்த காயில் கை வைத்தால், அந்தச் செம்பழுப்பு மயிர் தோலில் குத்திப் பெரும் அரிப்பைக் கிளப்பும். குவித்து நெருப்பு வைப்பது அதைவிட மோசம். எதன் புகை என்றே தெரியாமல் மூச்சில் இழுக்கிறோம். ஆகவே கூரை, கிணறு, மின்கம்பி, இளம் மரக்கன்று ஆகியவற்றைத் தொடுகிற பகுதியை மட்டும் கையுறையோடு வெட்டி விலக்கினால் போதும். மிச்சத்தை விட்டுவைக்கலாம். களைநாசினியை இந்தக் கட்டத்தில் எடுக்கவே கூடாது. அடுத்த பருவத்தில் தேடிப் போனாலும் கிடைக்காத ஒரு செடியை அது கருக்கிவிடக்கூடும்.

யாரிடமும் கேட்கப் போகுமுன் கொடியை நாமே கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கேட்கிற ஆளுக்கும் அதுதான் உதவி. முதலில், எதைக்கொண்டு ஏறுகிறது? தண்டே மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறதா, பற்றுக்கம்பி இருக்கிறதா, கணுவில் வேர்விட்டு ஒட்டுகிறதா, முள்ளால் கொளுவி ஏறுகிறதா? பற்றுக்கம்பி இருந்தால் அது எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கொவ்வை, பாகல் வகைகளில் இலைக்காம்பின் பக்கத்தில் இருக்கும். பிரண்டையில் இலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். கார்த்திகைப்பூவில் இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். இந்த ஒரு அடையாளமே பல கொடிகளைக் கழித்துவிடும். அடுத்தது இலை அடுக்கு. கணுவுக்கு ஒரு இலையா, எதிரெதிரே இரண்டா? பிறகு இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா, தண்ணீராக வருகிறதா, பிசுபிசுக்கிறதா? கசக்கினால் என்ன மணம்? கையுறையோடு செய்து கையைக் கழுவுங்கள். நாக்கில் வைத்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம். சிறுகுறிஞ்சா இலையை மென்றால் சீனி இனிக்காது என்பது உண்மைதான். அது சிறுகுறிஞ்சா என்று முன்பே தெரிந்தவருக்கு உரிய பரீட்சை அது.

தண்டு சுற்றுகிற திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு இனம் ஒரே திசையில்தான் சுற்றும். இராசவள்ளி ஒரு பக்கமாகச் சுற்றும், காய்வள்ளி அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். மரத்தையோ வெயிலையோ பார்த்து அது மாறாது.

எங்கள் வேம்பில் நிற்பதைப் போல இதய வடிவ இலை என்றால்தான் பெரிய குழப்பம். இந்த மண்ணில் அந்த வடிவ இலையோடு ஏறுகிற கொடிகள் ஏராளம். வள்ளி வகைகளில் நரம்புகள் காம்படியில் தொடங்கி வில்லாக வளைந்து இலை நுனிவரை ஓடும். ஒருமுறை கவனித்தால் மறக்காது. இராசவள்ளியின் தண்டில் நாலு பக்கமும் செட்டை மாதிரி விளிம்பு இருக்கும். காய்வள்ளியில் இலைக்கக்கத்தில் உருண்டையாகக் காய்க்கிழங்கு தொங்கும். வேலிப்பருத்தி என்றால் இலை எதிரெதிரே இருக்கும், கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், கசக்கினால் நாறும். காயில் மெத்தென்ற முள் இருக்கும், அது வெடித்தால் பஞ்சு பறக்கும். வெற்றிலையோ அதன் காட்டு உறவோ என்றால் கணு வீங்கியிருக்கும், இலையின் காரமணமே சொல்லிவிடும். சீந்தில் என்றால் தண்டைப் பார்த்தாலே போதும். மேல்தோல் கடதாசி மாதிரி உரியும், கொப்பிலிருந்து நூல் நூலாக வேர் காற்றில் தொங்கும், தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வண்டிச் சக்கரத்து ஆரக்கால் தெரியும்.

எங்கள் கொடியில் சீந்திலின் இந்த அடையாளங்கள் எல்லாம் இருந்தன. அடிப்பக்கம் யாரோ முன்பு வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய இடத்துக்கு மேலே கொடி சாகவில்லை. அங்கிருந்து மெல்லிய வேர்கள் கீழிறங்கி மண்ணைத் தொட்டு, தொட்ட இடத்தில் தடிக்கத் தொடங்கியிருந்தன. மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்தில் தொங்கிக்கொண்டு, மறுபடி மண்ணைத் தேடி வருகிற இந்தக் குணம் சீந்திலுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

அப்புறம் பக்கத்து வளவு ஆச்சியிடம் காட்டினோம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொல்லிவிட்டார்: "பிள்ளை, இது சீந்தில் எல்லோ. வேம்பில ஏறின சீந்தில் கிடைக்கிறது அரிது. வெட்டிப் போடாதேங்கோ." சித்த, ஆயுர்வேத வைத்தியர்களும் வேம்பில் படர்ந்த சீந்திலை உயர்வாகச் சொல்வதுண்டு. ஒரு நொடியில் ஆச்சி தந்த தகவலை எந்தச் செயலியும் தராது. செடியின் பெயர், எதில் ஏறியது என்பதன் மதிப்பு, வெட்டக்கூடாது என்ற முடிவு, எல்லாம் சேர்ந்து வந்தது. அயலில் வயதானவர்களைக் கேட்பதன் பெரிய பலம் இது. இந்த மண்ணில் எந்த மாதத்தில் எது முளைக்கும், எதை ஆடு தின்னும், எது போன உரிமையாளரின் தாய் வைத்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். முதலில் போக வேண்டிய இடம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனாலும் அதற்கு ஒரு எல்லை இருக்கிறது. அவர்கள் பழகிய செடியைத்தான் அவர்கள் அடையாளம் காண்பார்கள். புதிதாக வந்து பரவிய அழகுக்கொடியை, பழகிய ஒன்றின் பெயரால் சொல்லிவிடக்கூடும். ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று இனங்கள் அடங்குவதும் உண்டு. சீந்திலே அதற்கு நல்ல சான்று. மருந்துக்கு எடுக்கிற சீந்தில் டினோஸ்போரா கோர்டிபோலியா. சிங்களத்தில் ரசகிந்த என்பார்கள். அதன் நெருங்கிய உறவு டினோஸ்போரா கிறிஸ்பா. இலை கிட்டத்தட்ட ஒன்றுதான், கசப்பும் அப்படியே. 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்துக்கொண்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக எழுதினார்கள். பாரம்பரிய மருத்துவத்துக்குப் பொறுப்பான இந்திய ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது. பிறகு, கிறிஸ்பாவைச் சீந்தில் என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள் என்று இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைச் சொல்லி அறிவுறுத்தலும் வெளியிட்டது. கிறிஸ்பாவின் தண்டில் பரு பருவாகப் புடைப்பு நிறைந்திருக்கும். பூவில் இதழ் மூன்று. காய் நீள்வட்டம். சீந்திலில் அந்தப் பருக்கள் இல்லை, இதழ் ஆறு, காய் உருண்டை. முற்றிய தண்டையும் இளந்தண்டையும் வைத்துக்கொண்டு பருவை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. பூவும் காயும் வந்தால்தான் நிச்சயம். ஆச்சியின் சொல்லை நம்பிக் கொடியை வளரவிடலாம். அதே சொல்லை மட்டும் நம்பிக் கஷாயம் வைக்கக்கூடாது.

போன் செயலிகளுக்கு வருவோம். பிளான்ட்நெட், கூகுள் லென்ஸ், ஐநேச்சுரலிஸ்ட் என்று பல இருக்கின்றன. இவை நாம் எடுத்த படத்தைத் தம்மிடம் உள்ள படங்களோடு ஒப்பிட்டு, மிகவும் ஒத்துப்போகிறவற்றை மேலிருந்து கீழாகக் காட்டும். சிலவற்றில் பக்கத்தில் ஒரு சதவீதமும் வரும். அந்த எண்ணைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் படத்துக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்று செயலி நினைப்பதை மட்டுமே அது சொல்கிறது. செடி அதுதான் என்பதற்கு உத்தரவாதம் அதில் இல்லை. நன்றாக மலர்ந்த பூ இருந்தால், அதுவும் உலகெங்கும் தோட்டங்களில் வைக்கிற காகிதப்பூ, அலமண்டா மாதிரிச் செடி என்றால் செயலி மிக நன்றாகச் சொல்லும். அவற்றுக்கு ஆச்சியைவிடச் செயலியே மேல். பச்சை இலையை மட்டும் காட்டினால், அதிலும் இதய வடிவ இலை என்றால், தடுமாறும். வேம்புக் கொடியின் தனி இலையைப் படம் எடுத்துக் கொடுத்தபோது வள்ளி இனம் ஒன்றை முதலில் காட்டியது. தண்டையும் தொங்கு வேரையும் சேர்த்துக் கொடுத்தபோது டினோஸ்போரா மேலே வந்தது. கொடி அதேதான், செயலியும் அதேதான். எதைப் படம் எடுத்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே படத்தைப் பொறுமையாக எடுங்கள். இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், இலை தண்டில் சேருகிற கணு, அடித்தண்டு, கிள்ளிய இடம், பூ, காய், பிறகு கொடி முழுவதும் தெரிய ஒன்று. அளவு தெரிய ஒரு நெருப்புப் பெட்டியைப் பக்கத்தில் வையுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் இலை வெளிறிப்போகும், காலையில் எடுப்பது நல்லது. ஐநேச்சுரலிஸ்டில் இன்னொரு வசதியும் உண்டு. மற்றவர்களும் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே இனத்தில் உடன்பட்டால்தான் அது ஆய்வுத் தரம் என்ற நிலைக்கு உயரும். அதற்குக் காலம் எடுக்கும், சிலவேளை யாரும் பார்க்காமலும் கிடக்கும். இருந்தாலும் இயந்திரம் மட்டும் சொன்ன பெயரைவிட மனிதர்கள் பார்த்து ஒத்துக்கொண்ட பெயருக்கு என் கணக்கில் மதிப்பு அதிகம். ஒரு பெரிய நன்மை, செயலி தருவது விஞ்ஞானப் பெயர். ஆச்சி சொன்ன ஊர்ப்பெயரையும் செயலி தந்த விஞ்ஞானப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால், அடுத்து யாரிடம் போனாலும் பேச்சு சுலபமாகும்.

அரச பக்கம் போனால், விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், பகுதி விவசாயப் போதனாசிரியரையும் கேட்கலாம். அவர்களுக்குப் பயிரும் களையும் நன்றாகத் தெரியும். கொடி பயிருக்குக் கேடா, எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற கேள்விக்கு அவர்கள்தான் சரியான ஆட்கள். காட்டு மூலிகையின் இரண்டு இனங்களைப் பிரித்துச் சொல்வது அவர்களுடைய அன்றாட வேலை இல்லை.

மருந்துக் கொடி என்று ஐயம் இருந்தால் திருகோணமலைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். மூலிகையைப் பார்த்தே படித்தவர்கள் ஊருக்குள் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள். செடியைக் கொப்போடு கொண்டுபோய்க் காட்டினால், எந்தப் பகுதி எதற்கு, எதோடு குழம்பும் என்றெல்லாம் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். தாவரவியல் முறைப்படி ஐயமறத் தெரிய வேண்டுமென்றால் பேராதனை அரச தாவரவியல் பூங்காவில், உலர்த்திய தாவர மாதிரிகளைப் பேணும் தேசிய சேகரம் இருக்கிறது. அந்தப் பூங்கா 1821இல் தொடங்கியது. நம் கையிலுள்ள கொப்பை, ஏற்கெனவே பெயரிட்டு வைத்த மாதிரியோடு வைத்துப் பார்க்கக்கூடிய இடம் அது. வேலியில் படர்ந்த ஒவ்வொரு கொடிக்கும் அங்கே ஓட வேண்டியதில்லை. வாயில் போகப்போகிற, ஐயம் தீராத ஒன்றுக்கு அந்த அலைச்சல் தகும்.

அப்படிக் கொண்டுபோவதென்றால் பூவோ காயோ உள்ள கொப்பாக இருக்க வேண்டும். இலை மட்டும் உள்ள கொப்பை வைத்துக்கொண்டு நிபுணரும் அதிக தூரம் போக முடியாது. நீளமான கொடியை இங்கிலிஷ் வீ எழுத்து வடிவில் மடித்து, ஒரு இலையாவது கீழ்ப்பக்கம் தெரியத் திருப்பிவைத்து, பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே போட்டு, மேலே பாரம் ஏற்ற வேண்டும். தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் மாரிக்காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். பூவின் நிறம் காய்ந்ததும் போய்விடும் என்பதால் பறித்தபோதே எழுதிவைக்க வேண்டும். பறித்த இடம், திகதி, எதில் ஏறியிருந்தது, பால் வந்ததா என்பதையும் கூடவே எழுதுங்கள்.

பூக்கும்வரை பொறுப்பது செலவே இல்லாத வழி, உறுதியான வழியும் அதுதான். ஆனால் எங்கள் பருவத்தைத் தெரிந்துகொண்டு பொறுக்க வேண்டும். ஐப்பசி முதல் தைவரை பெய்கிற வாடை மழையில்தான் இங்கே கொடிகள் ஓங்கும். கார்த்திகைப்பூ அந்த மழையோடு எழும்பிப் பூத்து, கோடையில் மேலே தடமே இல்லாமல் காய்ந்து, கிழங்காக மண்ணுக்குள் கிடக்கும். சித்திரையில் வந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இருந்ததாகவே தெரியாது. சீந்தில் அதற்கு மாறாக, இலை உதிர்ந்து வெறுங்கொடியாக நிற்கிற காலத்தில்தான் பூக்கும். ஆண் பூ ஒரு கொடியில், பெண் பூ இன்னொரு கொடியில். ஆகவே நம் வளவில் நிற்பது ஆண் கொடி என்றால் காயை எதிர்பார்த்துப் பயனில்லை, இதழை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். மாரியில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை என்று ஒரு வருடச் சுற்று முழுவதையும் பார்த்த பிறகுதான் புதிய வளவில் என்ன இருக்கிறது என்று தெரியவரும்.

பொறுப்பதில் ஒரே ஆபத்து, அந்த இடைக்காலத்தில் பிள்ளைகள். அதனால் இரண்டு கொடிகளைப் பொறுக்காமல் முதலிலேயே தேடிப் பார்த்துவிட வேண்டும். ஒன்று கார்த்திகைப்பூ. பச்சையும் மஞ்சளுமாக விரிந்து சிவப்பாக மாறுகிற, ஓரம் நெளிந்த ஆறு இதழும் பின்னுக்கு மடிந்து நிற்கும் அழகு வேறு எந்தக் கொடிக்கும் இல்லை. ஆனால் செடி முழுவதிலும் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் கூடுதலாக உண்டு. கிழங்கு கலப்பை வடிவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். பூ இல்லாத நேரத்தில் மண் கொத்துகிறவர் அதை உண்ணும் கிழங்கு என்று எண்ணக்கூடும், ஆபத்து அங்கேதான். மற்றது குன்றிமணி. சிறகு மாதிரி அடுக்கிய சின்ன இலைகள், நுனியில் தனி இலை இராது. காய் வெடித்ததும் கருப்புக் கண் வைத்த சிவப்பு விதைகள் உதிராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். பொற்கொல்லர் எடைக்கு வைத்த அதே மணி. உள்ளே இருப்பது அப்ரின் என்ற கடும் நஞ்சு. தோல் மிகக் கடினம் என்பதால் முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடக்கூடும், மென்றாலோ துளையிட்டாலோ உயிருக்கே ஆபத்து. பிள்ளை விழுங்கியது தெரிந்தால், மென்றதா இல்லையா என்று யோசித்து நிற்காமல், கொடியின் ஒரு கொப்பையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆடு தின்கிறது, நகரப் பக்கம் வளவுக்குள் வருகிற புள்ளிமான் கடிக்கிறது, ஆகவே நமக்கும் ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்களும் உண்டு. அது சரியான அளவுகோல் இல்லை. நமக்கு நஞ்சான பலவற்றை விலங்குகள் தின்று செரிக்கும். தின்னாமல் விட்டதெல்லாம் நஞ்சும் இல்லை.

இனி வேலியில் படர்ந்தவை. பிரண்டைக்கும் முடக்கொத்தானுக்கும் விசாரணையே தேவைப்படவில்லை. நாற்பட்டைத் தண்டும், வெள்ளை இதயக் குறி பதிந்த கறுப்பு விதையும் தங்களைத் தாங்களே சொல்லிவிடும். குறிஞ்சா என்று ஒரு கொடியை அக்கா சந்தோசமாகக் காட்டினார், வறைக்கு ஆகும் என்று. அதன் பக்கத்திலேயே வேலிப்பருத்தியும் பின்னிக்கொண்டு கிடந்தது. இரண்டிலும் இலை எதிரெதிரே, இரண்டின் காயும் இரட்டையாக நிற்கும். குறிஞ்சாவில் பச்சை நிறப் பூ கொத்தாகத் தொங்கும், காயில் முள் இல்லை. வேலிப்பருத்தியில் பூ வெளிறிய நிறம், காயில் முள், கசக்கினால் நாற்றம். வறைக்கு இலை பறிக்கிறவர் கை வேகமாகப் போகும். பின்னிக் கிடக்கிற இரண்டு கொடியில் ஒன்றை மட்டும் பறிப்பது நடக்காத காரியம். இந்த இடத்தில் நான் பெயரைத் தேடுவதோடு நிற்காமல், இரண்டையும் பிரித்து வேலிப்பருத்தியை அகற்றச் சொன்னேன். சமையலுக்குப் போகிற கொடி எதுவானாலும் தனியாக நிற்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், என் தெரிவு இப்படி. கொடியை வைத்திருப்பதா, இறக்குவதா என்ற கேள்விக்கு அயலாரும் செயலியும் போதும், இரண்டும் ஒரே பெயரைச் சொன்னால். இரண்டும் முரண்பட்டால் பூவுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் மரத்தின் உச்சியை மூடாதபடி கொக்கைத்தடியால் இழுத்துக் குறைத்துக்கொள்ளலாம். பயிருக்குள் பரவுகிற கொடி என்றால் விவசாயப் போதனாசிரியர். சாப்பிடவோ மருந்துக்கோ என்றால் பூ அல்லது காயும், அந்தச் செடியைப் பல காலம் கையாண்ட ஒருவரும், இரண்டும் சேர்ந்தே வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் பாத்திரத்தில் போடக்கூடாது.

எங்கள் வளவில் குன்றிமணியைக் காய் வெடிக்குமுன் வேரோடு பிடுங்கியாகிவிட்டது. கார்த்திகைப்பூ வடக்கு மூலையில் ஒரு கொத்து இருக்கிறது. அதைச் சுற்றிக் கம்பி அடித்து, அந்த இடத்தில் யாரும் கிழங்குக்குக் கொத்தக்கூடாது என்று வேலைக்கு வருகிற ஆட்களிடமும் சொல்லியாகிவிட்டது. குறிஞ்சா வேலியிலேயே நிற்கிறது. வேம்பில் உள்ள கொடியைத் தொடவில்லை. கோடையில் இலை உதிர்ந்து பூத்ததும் இதழை எண்ணி, கொப்பைக் கோணேசபுரிக்குக் கொண்டுபோவதாக முடிவு. ஆச்சி கஞ்சிக்கு ஒரு துண்டு கேட்டார். அவருக்கும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்.